ரிச்சி தெரு மாடிக் கடையும் என் திரையில் வந்த பச்சைப் புள்ளிகளும்

டிசம்பர் வந்தால் எங்கள் தொழிலில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குவதற்குள் புத்தகம் கைக்கு வந்தாக வேண்டும் என்று பதிப்பாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். நான் பெரம்பூரில் வீட்டிலிருந்தே பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். 2025 டிசம்பர் முதல் வாரம் என் கையில் மூன்று புத்தகங்கள் இருந்தன. பெரியது டெமி அளவில் 240 பக்கம், பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் 15 ஃபாரம். அதன் ஆறாவது ஃபாரத்தில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

அதைச் சரிசெய்து கொடுத்த கடையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இருக்கிறது. தனியாகப் பெயர்ப் பலகை கிடையாது. கீழே வரிசையாகக் கேபிள் கடைகள். அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படி. மேலே பத்துக்குப் பத்து அறை, இரண்டு மேஜை, ஒரு பெரியவர், உதவிக்கு ஒரு பையன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘மாடிக் கடை’ என்றுதான் சொல்கிறார்கள். கடைக்காரர் தன் பெயரையோ நம்பரையோ எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை.

முதலில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். என்னுடையது 2018-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். இன்டெல் ஐ5-8400 ப்ராசஸர், 16 ஜிபி ராம். அட்டை வடிவமைப்புக்காக 2020-இல், திரைக்குப் படம் வரைந்து அனுப்புகிற ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சேர்த்தேன். ஐந்து வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. ஒருநாள் பிடிஎஃப் எடுக்கும்போது திரை சட்டென்று கறுத்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் திரும்ப வந்துவிட்டது. கரண்ட்தான் ஏறி இறங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நாலு தடவை அப்படி ஆயிற்று. அதற்கடுத்த நாள் புள்ளிகள் வந்தன.

அந்தப் புள்ளிகளை எப்படிச் சொல்வது? வெள்ளைப் பக்கத்தில் கடுகு தூவிய மாதிரி, கரும்பச்சை நிறத்தில், பொடிப்பொடியாக. வேறு வேலை செய்கிறவருக்கு அது பெரிய இடைஞ்சலாக இருக்காது. எனக்கோ பிழைப்பே புள்ளியில்தான் இருக்கிறது. ‘வர’ என்ற சொல்லின் தலையில் ஒன்று உட்கார்ந்தால் ‘வர்’ என்று தெரிகிறது. ஒற்று மிகுமா மிகாதா என்று வரிவரியாகப் பார்க்கிற வேலையில், திரையில் இருக்கிற புள்ளி எழுத்தாளர் வைத்ததா, மெஷின் வைத்ததா என்று தெரியாவிட்டால் எப்படித் திருத்துவது? பக்கத்தைக் கொஞ்சம் உருட்டிப் பார்ப்பேன். எழுத்தோடு சேர்ந்து நகர்ந்தால் நிஜப் புள்ளி, இடம் மாறினால் பொய்ப் புள்ளி. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆன இடத்தில் அரை மணி நேரம் ஆனது. கண் எரிந்தது. அந்த வார இறுதியில் கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் தானாகவே ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சர்வீஸ் கடையில் முதலில் கொடுத்தேன். அது எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள், 800 ரூபாய். நாலே நாளில் புள்ளிகள் திரும்பின. மறுபடி கொண்டுபோனபோது கார்டைக் கழற்றிவிட்டு அவர்களிடம் இருந்த ஒரு சின்னக் கார்டை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். நன்றாக ஓடியது. “கார்டு போச்சு மேடம், புதுசு 16,500 ஆகும்” என்றார்கள். சின்னக் கார்டில் நன்றாக ஓடியதை நானே கண்ணால் பார்த்தேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் பதிப்பாளர்களிடமிருந்து பணம் வருவதே பொங்கலுக்குப் பிறகுதான். டிசம்பரில் 16,500 என்பது எனக்குப் பெரிய தொகை. அச்சக நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். “எதையும் மாத்தறதுக்கு முன்னாடி மாடிக் கடையில ஒரு தடவை காட்டிடுங்க” என்றார்.

ஆட்டோவில் கேபினட்டை, அதாவது கம்ப்யூட்டர் பெட்டியை, மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பெரியவர் பார்த்ததும் முதலில் சொன்னது: “இப்படி நிக்க வச்சு எடுத்துட்டு வராதீங்க மேடம். படுக்க வச்சுக் கொண்டு வரணும், மதர்போர்டு பக்கம் கீழ இருக்கணும். நிக்க வச்சா ஒவ்வொரு பள்ளத்துக்கும் கார்டு ஸ்லாட்டுல ஆடும்.” எல்லாப் பாகங்களையும் தாங்குகிற பெரிய பலகைதான் மதர்போர்டு, அதில் கார்டைச் செருகுகிற இடம் ஸ்லாட். ஏழு வருடத்தில் இதை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் கால் மணி நேரத்துக்கு அவர் கேபினட்டைத் தொடவே இல்லை. கேள்விதான். எப்போது கறுக்கிறது? சும்மா இருக்கும்போதா, வேலை செய்யும்போதா? காலையிலா, சூடேறின பிறகா? புதிதாக ஏதாவது மாட்டினீர்களா? கறுத்துவிட்டுத் திரும்பி வருகிறதா, அப்படியே நின்றுவிடுகிறதா? நான் சொல்லச் சொல்ல ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “புள்ளி வந்தப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்களா?”

நான் செல்போனில் திரையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அது போதாது என்றார். அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் என்பது கம்ப்யூட்டர் தனக்குள் வரைந்து வைத்திருக்கிற படம். புள்ளி அதிலேயே இருந்தால், மானிட்டருக்குப் போவதற்கு முன்பே கெட்டுவிட்டது என்று பொருள். ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்து திரையில் மட்டும் புள்ளி தெரிந்தால் கேபிள், மானிட்டர், கார்டின் வெளிவாசல் என்று பார்க்கத் தொடங்கலாம். மானிட்டரின் பட்டனை அமுக்கி அதன் சொந்த மெனுவை வரவழைப்பதும் இதே மாதிரிதான். அந்த மெனுவை மானிட்டரே வரைகிறது. அதன் மேலும் புள்ளி விழுந்தால் கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் மானிட்டரைப் பார்க்க வேண்டும். இரண்டும் காசில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடியவை. எனக்கு முன்பே தெரிந்திருந்தால், “மானிட்டரை மாற்றிப் பாருங்கள்” என்று சொன்ன உறவினர் பேச்சைக் கேட்டு ஒரு மானிட்டரை இரவல் வாங்கி அலைந்திருக்க மாட்டேன்.

அங்கேயே மெஷினைப் போட்டு, போட்டோஷாப்பில் ஒரு பெரிய அட்டையைத் திறந்தோம். பத்து நிமிடத்தில் புள்ளிகள் வந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். புள்ளிகள் அதிலும் இருந்தன. சரி, மானிட்டரும் கேபிளும் தப்பித்தன.

பாஸ்வேர்டை என்னையே அடிக்கச் சொன்னார். அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார். நாள்வாரியாகக் கட்டம் கட்டி, கம்ப்யூட்டருக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டிருக்கிறது விண்டோஸ். பிரச்சினை வந்த நாளில் சிவப்புக் குறி. இத்தனை வருடம் இது என் கம்ப்யூட்டரிலேயே இருந்திருக்கிறது. என் கோடு பள்ளத்தில் கிடந்தது. அடுத்து, நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தால், 4101 என்ற எண் வரிசையாக நின்றது. டிஸ்ப்ளே டிரைவர், அதாவது கார்டை இயக்குகிற மென்பொருள், பதில் சொல்லாமல் நின்றது, மீட்கப்பட்டது என்று அதற்கு அர்த்தமாம். விண்டோஸ் கார்டுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு இரண்டு வினாடி பொறுக்கும். பதில் வராவிட்டால் டிரைவரை உதறி எழுப்பும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. நான் எண்ணிய ‘ஒன்று, இரண்டு’ அதுதான். எழுப்பியும் எழுந்திருக்காவிட்டால்தான் நீலத்திரை, அதாவது பிழை காட்டி விண்டோஸ் நின்றுவிடுகிற திரை.

கூடவே 41 என்று இன்னொரு எண். கெர்னல் பவர். “இதைப் பார்த்ததும் எல்லாரும் பவர் சப்ளைன்னு சொல்லிடுவாங்க. அப்படிச் சொல்லக் கூடாது மேடம். முறையா ஷட் டவுன் ஆகாம நின்னுடுச்சுன்னு மட்டும்தான் இது சொல்லுது. நீலத்திரை வந்து நின்னாலும் 41தான், நீங்க ஸ்விட்சை அணைச்சாலும் 41தான்.” (பவர் சப்ளை என்பது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கிற டப்பா.) அந்த 41-இன் விவரத்தில் பக்செக் கோடு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்ததைக் காட்டினார். நீலத்திரை வந்து நின்றிருந்தால் அங்கே பெரும்பாலும் ஓர் எண் இருக்குமாம். பூஜ்யம் என்பதால், விண்டோஸ் எதையும் எழுதி வைக்க நேரம் இல்லாமல் மெஷின் பட்டென்று போயிருக்கிறது. அதையும் டைரியில் எழுதினார். முடிவு சொல்லவில்லை.

ஒன்றுக்கு மட்டும் வருத்தப்பட்டார். விண்டோஸைப் புதிதாகப் போட்டதால் தொடக்க நாட்களின் பதிவுகள் போய்விட்டன. முதல்முதல் எந்த நாளில், எந்த வேலையின்போது தொடங்கியது என்று அதில் இருந்திருக்கும். “ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி அதை ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.” மற்ற கடையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்குத்தான் கோபம் வந்தது. அந்த ஃபார்மேட்டால் நான் எழுத்துருக்களைத் திரும்பப் போட்டு, தமிழ்99 விசைப்பலகையைச் சரிசெய்து, பக்க வடிவமைப்புக்கான பாணிகளை ஏற்றி ஒரு முழு நாளை இழந்திருந்தேன்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம். என் கோப்புகளெல்லாம் இருக்கிற எஸ்எஸ்டி டிரைவின் ஒயர்களைக் கழற்றி, டிரைவை ஒரு கவரில் போட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார். “இதை நீங்களே வச்சுக்குங்க. சோதனை எல்லாம் என் டிரைவுலதான் நடக்கும்.” அதில் அவருடைய விண்டோஸ், அவருடைய டிரைவர்கள் இருக்கின்றன. புள்ளிகள் அப்போதும் வந்தால் என் விண்டோஸ்மேல் பழி இல்லை என்று தெரிந்துவிடும். அச்சுக்குப் போகாத மூன்று எழுத்தாளர்களின் புத்தகங்கள் அந்த டிரைவில் இருந்தன. அதைக் கைப்பையில் வைத்தபோதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘உள்ளே என்னவெல்லாம் பார்ப்பார்களோ’ என்கிற பயம் பெண்களுக்கு எப்போதும் உண்டு. அதைக் கேட்காமலேயே புரிந்துகொண்டு நடக்கிற கடையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அவருடைய டிரைவிலும் புள்ளிகள் வந்தன. இனி ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். என் கார்டைக் கழற்றினார். என் ப்ராசஸருக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது என்பதால் கார்டு இல்லாமலும் படம் வரும். (ப்ராசஸர் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் வராது, அப்படி வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க முடியாது.) மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகி இரண்டு மணி நேரம் ஓட்டினார். ஒரு புள்ளி இல்லை. உள் கிராபிக்ஸ் ராமைத்தான் தன் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் ராம் மேலிருந்த சந்தேகமும் பாதி தீர்ந்தது என்றார்.

காத்திருந்த நேரத்தில் ஒரு கல்லூரிப் பையன் மூச்சிரைக்க மானிட்டரோடு வந்தான். திரை முழுக்க மஞ்சள். பேனல் போயிற்று, புதிதாக வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் மானிட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கேபிளைக் கொடு.” பழைய விஜிஏ கேபிள், 15 முள் உள்ளது. முனையை விளக்கடியில் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். மேல் வரிசையில் மூன்றாவது முள் மடங்கிப் படுத்திருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி முள்ளில் வருகின்றன. மூன்றாவது நீலம். நீலம் வராவிட்டால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள். பச்சை போயிருந்தால் திரை ஊதாச் சிவப்பாகியிருக்கும். டுவீசரால் முள்ளை மெதுவாக நிமிர்த்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை, முறிந்துவிடாமல். மாட்டியதும் வெள்ளை வெள்ளையாக வந்தது. பையன் எவ்வளவு என்று கேட்டான். “போப்பா, செருகும்போது நேரா பார்த்துச் செருகு.”

சரி, என் கதைக்கு வருகிறேன். கார்டு இல்லாமல் நன்றாக ஓடுகிறது, கார்டு இருந்தால் புள்ளி. அப்படியானால் கார்டுதானே குற்றவாளி? நானே அப்படித்தான் நினைத்தேன். அவர் என் கார்டை எடுத்துத் தன் சோதனை மெஷினில் மாட்டி ஃபர்மார்க் என்ற நிரலை ஓட்டினார். முடி முளைத்த வளையம் ஒன்று திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும்; கார்டின் முழு பலத்தையும் கறந்துவிடும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம். சூடு 67 டிகிரியில் நின்றது. புள்ளி வரவே இல்லை. திரை ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. போன கடையில் செத்துப்போனதாகச் சொன்ன அதே கார்டு.

அடுத்து என் மெஷினில் அவருடைய கார்டு. இரண்டு எடுத்தார். ஒன்று ஜிடி 1030 என்ற சின்னக் கார்டு, இன்னொன்று என்னுடையது மாதிரியே ஒரு 1650. முதலில் சின்னதைப் போட்டார். நன்றாக ஓடியது. போன கடையில் நடந்தது அப்படியே நடந்தது. “இங்கதான் தப்பு நடக்கும்” என்று சொல்லிவிட்டு அதைக் கழற்றி 1650-ஐ மாட்டினார். பதினேழாவது நிமிடம் பச்சைப் புள்ளி. இருபத்துமூன்றாவது நிமிடம் மெஷின் ரீஸ்டார்ட் ஆனது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜிடி 1030 அதிகபட்சம் 30 வாட் கேட்கிற கார்டு. 1650 கேட்பது 75 வாட். அதாவது மதர்போர்டில் கார்டைச் செருகுகிற பிசிஐஇ ஸ்லாட் கொடுக்கக்கூடிய முழு அளவு. என் கார்டுக்குத் தனி பவர் ஒயர் கிடையாது. எல்லாவற்றையும் அந்த ஸ்லாட்டிலிருந்தேதான் இழுக்கிறது. வீட்டுக் குழாயில் தண்ணீர் மெலிந்து வரும்போது சொம்பு நிறைந்துவிடும், அண்டா நிறையாது. சொம்பு நிறைந்ததைப் பார்த்து அண்டா ஓட்டை என்று முடிவு கட்டிவிட்டார்கள். சோதிக்கிற கார்டு அதே அளவு மின்சாரம் சாப்பிடுவதாக இருந்தால்தான் அது சோதனை. நான் 16,500 கொடுத்துப் புதுக் கார்டு வாங்கியிருந்தால் அதுவும் பதினேழாவது நிமிடம் புள்ளி காட்டியிருக்கும்.

மல்டிமீட்டரை எடுத்தார். சிவப்பு முனை மஞ்சள் ஒயரில், கறுப்பு முனை கறுப்பு ஒயரில். மஞ்சள்தான் 12 வோல்ட். சும்மா இருக்கும்போது 12.02. ஃபர்மார்க்கைத் தொடங்கச் சொல்லிப் பையனிடம் கண்காட்டினார். எண் இறங்கியது: 11.74, 11.52, 11.38, 11.31. ஐந்து சதவீதம்வரை ஏறி இறங்கலாம், அதாவது 11.40-க்குக் கீழே போகக் கூடாது என்பது கணக்கு. “மீட்டர் சராசரியைத்தான் காட்டும் மேடம். உள்ள இன்னும் எவ்வளவு குலுங்குதுன்னு பார்க்க ஆசிலோஸ்கோப் வேணும். அது என்கிட்ட இல்ல. ஆனா இதுவே போதும்.”

பவரை அணைத்து, மதர்போர்டுக்குப் போகிற அகலமான 24 முனை கனெக்டரைப் பிடுங்கினார். அழுத்தமாகத்தான் வந்தது. அதை என் பக்கம் திருப்பினார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அடுத்தடுத்து இரண்டு துளைகளின் ஓரம் மட்டும், தோசை ஓரம் கருகின மாதிரி, பழுப்பாக இருந்தது. மோந்து பார்க்கச் சொன்னார். லேசாகக் கருகல் வாடை. 12 வோல்ட் மதர்போர்டுக்குள் போகிற இரண்டு மஞ்சள் ஒயர்களின் இடம் அது. கார்டு ஸ்லாட்டிலிருந்து இழுக்கிற மின்சாரம் இந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 2018-இல் கேபினட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளை அது. வெளியே 450 வாட் என்று ஸ்டிக்கர். நான் அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. ப்ராசஸரையும் கார்டையும் பத்துத் தடவை விசாரித்து வாங்கியவள், எல்லாவற்றுக்கும் சாப்பாடு போடுகிற டப்பாவைப் பெட்டியோடு வந்ததே போதும் என்று விட்டிருந்தேன். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

புதிய 550 வாட் பவர் சப்ளை, மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் தரம், 3,600 ரூபாய். கூலி 600. மதர்போர்டு பக்கத்து முனைகளையும் பூதக்கண்ணாடியால் பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தார். அங்கே பிளாஸ்டிக் உருகவில்லை, முனைகள் தளரவும் இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு தடவை கனெக்டரைப் பிடுங்கிப் பார்க்கும்படியும், மறுபடி பழுப்பு தெரிந்தால் உடனே கொண்டுவரும்படியும் சொன்னார். என் கார்டைத் திரும்ப மாட்டி மீட்டரை வைத்தபோது 12.08, முழு பாரத்தில் 11.96. அந்த எண் அசையாமல் நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வாரமாக நான் உடைந்துபோய் இருந்தேன்.

அன்றே தரவில்லை. இரவு முழுக்க ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் நிரல் ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டார். மறுநாள் மாலை போனபோது நாலு சுற்று முடிந்து பிழை பூஜ்யம் என்ற திரையை அப்படியே எனக்காக விட்டு வைத்திருந்தார். பழைய பவர் சப்ளையையும் கையில் கொடுத்தார். “உங்க பொருள். ஆனா இதை யாருக்கும் விக்காதீங்க, கொடுக்காதீங்க.”

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான். வயதானவர்கள் அந்தப் படியில் ஏறுவது கஷ்டம். மதியம் ஒன்றரை முதல் மூன்றரைவரை போன் எடுக்கவே மாட்டார். நீங்கள் கேட்டால்தான் பில் போடுவார். கட்டாயம் கேட்டு வாங்குங்கள், பவர் சப்ளையின் வாரன்டிக்கு அது வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கிற வழக்கம் இல்லை. லேப்டாப் எடுப்பதில்லை. மதர்போர்டில் சிப் மாற்றுகிற வேலை இருந்தால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நேரம். ஒரு மணி நேரத்தில் கையில் வேண்டும் என்றால் இந்தக் கடை சரிவராது. டிசம்பர் மாதத்தில் இரண்டு நாள் என்பது எனக்கு வலித்தது. ஆனால் முதல் கடையில் வேகமாக முடித்த வேலைக்கு நான் இழந்தது பத்து நாள்.

இன்னொன்று. புதிதாக ஒன்றை வாங்கும்படி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதைக் காரணம் காட்டி மெஷினையே மாற்றச் சொன்னவர்கள் உண்டு. எனக்கும் உள்ளூர அந்தக் கவலை இருந்தது. என் ப்ராசஸர் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை; விண்டோஸ் 11 ஏற்கிற வரிசை அங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கிற பயாஸ் அமைப்புக்குள் போய், விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கிவிட்டு, “புத்தகக் காட்சி முடிஞ்சு நிதானமா மாத்திக்கலாம், இப்ப எதையும் தொடாதீங்க” என்றார். வேலை நடுவில் இருக்கிறவளுக்கு அதைவிட நல்ல அறிவுரை இருக்க முடியாது.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். “வீட்டுல கேபினட்டைத் தொட்டா கையில சுருசுருன்னு இருக்கா?” ஆமாம், வருடக்கணக்காக இருக்கிறது, வெறுங்காலோடு இருந்தால் நன்றாகவே தெரியும். ஸ்விட்ச் போர்டில் எர்த் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளமாம். பவர் சப்ளைக்குள் இருக்கிற சின்ன கெபாசிட்டர்கள் மின் இரைச்சலை எர்த்துக்குக் கடத்துவதற்காக வைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லாமல் கேபினட்டின் தகரத்தில் நிற்கிறது. புள்ளிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் உயிருக்குச் சம்பந்தம் உண்டு என்றார். மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். போர்டைத் திறந்தால் பச்சை ஒயர் எதிலும் மாட்டாமல் மடித்து உள்ளே தள்ளப்பட்டிருந்தது. 350 ரூபாயில் முடிந்தது. என் மகள் அந்த மேஜையில்தான் படிக்கிறாள்.

240 பக்கப் புத்தகம் டிசம்பர் 27-ஆம் தேதி அச்சுக்குப் போனது. அந்த ரிலையபிலிட்டி பக்கத்தை இப்போது வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். கோடு பத்தில் ஏறி நிற்கிறது.

போக நினைக்கிறவர்களுக்கு: மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம், பறக்கும் ரயிலில் வந்தால் சிந்தாதிரிப்பேட்டை, இரண்டிலிருந்தும் நடந்துவிடலாம். கேபினட் கனமாக இருந்தால் ஆட்டோ. காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள், பிறகு படியிலேயே ஆட்கள் நிற்பார்கள். மானிட்டர் வேண்டாம், அங்கே இருக்கிறது. ஆனால் உங்கள் கேபிளையும் பவர் கார்டையும் எடுத்துப் போங்கள். புள்ளியோ கோடோ வந்தால் ஸ்கிரீன்ஷாட் ஒன்று, செல்போன் போட்டோ ஒன்று, இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எந்த வேலை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் அவர் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டு வாங்குவார்.